எட்டாம் சுருள்

கதை கேட்காதீர்கள் என்னிடம்.
யார் யாரைக் கொன்றார், பணப்பெட்டி எங்கே போனது,
எதுவும் மனதில் நிற்பதில்லை.
நிற்பது
மூன்றாம் மாடியில் இரும்புக்கதவு மூடும் ஓசை.
தூக்கி இறங்க இறங்க
கம்பிகளின் நிழல் ஒரு பெண்ணின் கன்னத்தில்
வரிவரியாய் ஏறுவது.

பகலில் மின்தூக்கி பழுதுபார்க்கிறேன், மொன்டேவிடியோவில்.
பழைய நகரின் கூண்டுத்தூக்கிகள் எல்லாம்
என் கையால் எண்ணெய் குடித்தவை.
அதனால் தெரியும்,
அந்தப் படத்தில் கொலைகாரன் இறங்கும் தூக்கிக்கு
எதிர்ப்பாரம் சரியில்லை.
நின்ற பிறகும் ஒரு விரற்கடை நடுங்கும்.
இயக்குநர் அந்த நடுக்கத்தை வெட்டாமல் விட்டார்.
அதற்காகவே அவரை மன்னித்தேன்,
அசட்டுத்தனமான அந்தக் கல்யாணக் காட்சியையும் சேர்த்து.

இன்னொன்று, பனிக்காலத்து விடுதி.
அரைமணி நேரம் ஒன்றுமே நடக்காது.
மேசையில் ஒரு கோப்பை ஆறும்.
என் தங்கை டெல்மிரா பாதியில் எழுந்து போனாள்.
கோபமில்லை.
ஆறுவதைப் பார்த்திருக்க
எல்லோருக்கும் நேரம் வாய்ப்பதில்லை.

மழையைச் சொல்ல மறந்தேன்.
கறுப்பு வெள்ளையில் தண்ணீர் தெரியாதாம், பால் கலப்பார்களாம்.
டிக்கெட்டும் கிழித்துப் படமும் ஓட்டும் வால்டெமர் சொன்னான்.
அன்றிலிருந்து
ஓவர்கோட்டில் வழியும் ஒவ்வொரு துளியையும்
நாக்கால் பார்க்கிறேன்.

இந்த ஜூலையில் ஒரு செவ்வாய்.
கடல் என்றே நாங்கள் சொல்லிப் பழகிய ஆற்றிலிருந்து
ஏறி வந்த மூட்டம்
டிக்கெட் இல்லாமல் வாசலில் நின்றுவிட்டது.
உள்ளே பதினொரு பேர். கோட்டை யாரும் கழற்றவில்லை.
ஒரு மாத்தே குடுவை கைமாறிக்கொண்டிருந்தது.
எட்டாம் சுருள் தொடங்கிற்று.
அவள் கலங்கரை விளக்கை நோக்கி நடக்கிறாள்,
முதுகு மட்டும்,
முதுகு மட்டுமே நமக்கு.
மின்சாரம் போனது.

யாரும் எழவில்லை.
இருட்டுக்குள் இருட்டு வந்தால்
எதை விட்டு எழுவது?

பின்வரிசையில் ஓர் இருமல். பிறகு,
“திரும்பிப் பார்ப்பாள். சிரிப்பாள்.”
“சிரிக்க மாட்டாள்.” இது எர்மிந்தா, நீதிமன்ற எழுத்தர்.
“படகு வரும். அதில் ஆள் இருக்காது.”
“படகா? நாய்தான் வரும்.
நாயைப் பார்த்துத்தான் அழுதேன், எழுபத்தொன்றில்.”
நாய் என்ற சொல்லில் அவர் குரல் உடைந்தது.

ஒன்பது முறை பார்த்தவள் நான்.
அவள் நடந்துகொண்டே இருப்பாள், மூட்டம் மூடும்,
விளக்கு மூன்று முறை சுற்றும்.
அவ்வளவுதான். நாயே கிடையாது.
சொல்லிவிட வாயைத் திறந்தேன்.
“என்ன நிறம்?” என்று கேட்டேன்.

“சாம்பல்” என்றார். “ஒரு காது மடங்கியிருக்கும்.”

விளக்கு வந்தபோது
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூச்சமாக இருந்தது.
மறுபடி போடட்டுமா என்றான் வால்டெமர்.
நாய்க்காரர் அதற்குள்
தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்.

போட்டான்.
முதுகு. மூட்டம்.
விளக்கு ஒரு சுற்று, இரண்டாம் சுற்று.
மூன்றாவதில், இடது மூலையில், கீழே,
கயிற்றுக் குவியலா, பீப்பாயா,
ஒன்பது முறையும் நான் அங்கே பார்த்ததில்லை.
முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

“உட்காரம்மா, மறைக்கிறது”
என்றாள் எர்மிந்தா.