தகட்டின் மேல் ஈரத்துணி

உவர்மலை இறக்கத்தில்
தகரக் கொட்டிலுக்குள் படங்கை விலக்கினதும்
முதலில் தெரிந்தது மூக்கு.
போர்க்வார்ட் இசபெல்லா, ஐம்பத்தெட்டு.
தயிரில் இரண்டு துளி மஞ்சள் விழுந்த நிறம்.
ஓடுகிற நிலையில் இன்னும் எத்தனை என்று
விரல் மடக்கத் தொடங்கினால்
கட்டைவிரலோடு நின்றுவிடும்.

நான் குந்தி, சரிந்து,
கடைசியில் வயிறு மண்ணில் படக் கிடந்து
முன்பக்கத்தை எடுக்கப் போகையில்
பிலோமினா வாளித் துணியைப் பிழிந்து
இலக்கத் தகட்டின் மேல் விரித்தாள்.
"இது விழக் கூடாது."

எனக்குச் சிரிப்பு.
தினமும் இதில்தானே வங்கிக்குப் போகிறாய்,
பஸ் நிலையத்தடி மான்களுக்கு ஹோன் அடிக்கிறாய்,
மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுற்றுகிறாய்,
பார்க்காத கண் ஒன்று இந்த ஊரில் மிச்சமா?

"தெரு பார்க்கும், மறந்துபோகும்.
உன்ர படம் மறக்காது.
இரண்டு விரலால இழுத்துப் பெருப்பிக்க
வசதியாக் கிடக்கும்."

திருட்டுப் பயம் என்று நினைத்தேன்.
அந்தக் கிறில் ஒன்றுக்கே
கொழும்பிலிருந்து ஆள் வருவான்.
வரி கட்டவில்லையோ என்றும் நினைத்தேன்.
பிறகு, எங்கள் வயதுக்காரர் எல்லாரையும் போல,
சென்றியில் நீளக் கொப்பி விரித்து
இலக்கம் எழுதிய பேனையை நினைத்தேன்.
இலக்கமே இல்லாமல் வந்த வான்களை நினைத்தேன்.
தகட்டின் நடுவில் நிற்கும் ஸ்ரீயை நினைத்தேன்;
அந்த ஓர் எழுத்தை மூடத்
தார்வாளியோடு தெருவில் இறங்கினார்களாம் ஒருகாலம்.

எல்லாம் பெரிய பெரிய காரணங்கள்.

அவள் சொன்னது சின்னது.
"ஒருத்தர் இருக்கிறார்.
நான் எந்த ஊரில எண்டு தெரியாது.
அப்பாவின்ர கார் என்னட்டத்தான் எண்டு தெரியும்.
இலக்கம் பாடம்."

துணியிலிருந்து பம்பரில் சொட்டியது.
அவள் அதைத் துடைத்தாள்.
திரும்பவும் சொட்டியது.

அன்றிரவு கணினியில் உட்கார்ந்த பிறகுதான்
எனக்கு அறிவு வந்தது.
இலக்கத்தை அழித்தால் மட்டும் என்ன,
அரிதாயிருப்பதே அதன் விலாசம்.
இடது மட்காட்டில் பழைய நசுங்கல்.
சில்லின் வெள்ளித் தட்டில்
தலைகீழாய் வளைந்த உள்துறைமுகம்.
கண்ணாடியில் அயல்வீட்டுக் கூரை, அதன் தண்ணீர்த் தாங்கி.
ஒவ்வொன்றும் வாய் திறந்தது.
ஒவ்வொன்றாய் மங்கலாக்கிக்கொண்டே போனேன்.
விடியப்புறம் மிஞ்சியது
தயிர் நிறத்தில் கொஞ்சம் பனி.

நாட்காட்டிக்காரர் தொலைபேசியில் ஏசினார்.
மார்கழிப் பக்கத்துக்கு
மொறிஸ் மைனர் ஒன்றைப் போட்டார்.
மொறிஸுக்கு என்ன, தெருவுக்கொன்று நிற்கிறது,
கூட்டத்தோடு கூட்டமாய் ஒளிந்துகொள்ளும்.

இப்போது இதை எழுதி
இவ்வளவு தூரம் வந்த பிறகுதான் உறைக்கிறது.
ஆகவே:
கார் இசபெல்லா அல்ல. நிறமும் வேறு.
அது மலை இறக்கமல்ல, வங்கியும் அல்ல.
பிலோமினா என்று
எனக்கு யாரையும் தெரியாது.
மான்கள் இருக்கின்றன, அவற்றை விட்டுவிடுகிறேன்,
ஒரு மானைப் போலத்தான் மற்ற மானும்.
ஈரத்துணி உண்மை.

இலக்கம்
எனக்கும் பாடமாகிவிட்டது,
அதுதான் கரைச்சல்.
தெருவைப் போல
மறக்கப் பார்க்கிறேன்.