பச்சை மூடி

செவ்வாய்தோறும் எங்கள் தெருவுக்குத்
தீயணைப்பு வண்டி வரும்.
மணி அடிக்காது.
எதுவும் எரியவில்லை.

பிரசீலியாவின் விளிம்பு, ஜூன் மாதம்.
ஜன்னல் கம்பி வரை செம்மண் தூசி.
பூட்ஸைத் தேய்த்துவிட்டு, ஐஸ் பெட்டியோடு
வாசலில் நிற்கிறான் ஜுசேலியோ.
"எத்தனை, தோனா எஜிலேனி?"
"இரண்டு. ஒன்றில் பாதிதான்."
"பாதியா?
அங்கே ஒருத்தனுக்கு ஒரு நாள் சாப்பாடு அது."

காப்பித்தூள் வந்த கண்ணாடிப் பாட்டில்கள்.
கொதிநீரில் போட்டெடுத்தவை.
மூடியில் தேதியும் என் கிறுக்கலும்.

முதல் வாரம் பால் கட்டி
மார்பு கல்லாகிக் கிடந்தது.
மகள் கண்ணாடிப் பெட்டிக்குள்,
தொள்ளாயிரத்து எண்பது கிராம்,
மூக்கில் குழாய்.
நர்ஸ் இவோநேச்சி என் விரலைப் பிடித்து நகர்த்தினாள்:
"அங்கே இல்லை. இங்கே. இழுக்காதே, அழுத்து."
அரை மணி நேரம்.
கரண்டியின் குழி கூட நிறையவில்லை.
கொட்டிவிடலாம் என்றேன்.
அவள் பதில் சொல்லாமல்
அதை ஊசிக்குழாயில் உறிஞ்சி எடுத்துப்போனாள்.

மீதியை யாரோ தந்தார்கள்.
பெயர் சொல்லமாட்டார்கள்.
வந்திறங்கிய பெட்டியை ஒருநாள் எட்டிப் பார்த்தேன்:
ஒரு பாட்டிலில், சுரண்டியும் போகாமல்
காப்பி லேபிளின் மூலை.
யார் வீட்டுக் காலைகளோ.

இப்போது மூன்று கிலோ கனக்கிறாள் மடியில்.
இடது பக்கம் அவளுக்கு.
வலது பக்கம் தானாகச் சொட்டுகிறது.
அவளே திறந்துவிட்ட குழாய்.

ஜுசேலியோ நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு
காலிப் பாட்டில் இருக்கிறதா என்றான்.
இல்லை.

வால்ஜிர் காப்பியே பிடிக்காதவன்.
நேற்றிலிருந்து நாளுக்கு ஐந்து கோப்பை.
ராத்திரி தூக்கம் வராமல்
குழந்தையை அவன்தான் தூக்கிக்கொண்டு நடக்கிறான்.