பதினேழாம் பகுதி

நாலே முக்காலுக்குக் காவேரிப்பட்டணத்தில் ஏறினால்
குருபரப்பள்ளி தாண்டும்வரை யாரும் பேசுவதில்லை.
தூக்கம், ஈரத் தலை, மடியில் டிபன் டப்பா.
மேலுமலை ஏற்றத்தில் கம்பெனி பஸ் முக்கத் தொடங்கும்போதுதான்
மூன்றாம் வரிசையில் யாராவது ஆரம்பிப்பாள்:
"நேத்து பாத்தியா, அந்தப் பாறையன் மூஞ்சிய?"

அறுவர் படை.
சாயங்காலம் ஆறரைக்கு.
வாய் ஒரு பக்கம் அசையும்,
தமிழ் ஒரு பக்கம் வரும்.
சின்னப் பிள்ளைகள் பார்க்கும் படம்தான்.
எங்களுக்கும் இருபத்திரண்டுதான்.

மின்னி, வேகம். சுழலன், காற்று.
பாறையன் எதையும் தாங்குவான்.
நிழலி உன் நிழலில் மூழ்கி என் நிழலில் எழுவாள்;
உச்சிவெயிலில் மட்டும் வெறும் பெண்.
மற்ற இரண்டு பேர் எதற்கென்று
முனிரத்னாவுக்கு இன்னும் விளங்கவில்லை.

பதினாறில் நிழலி இடிபாட்டில் சிக்கினாள்.
பதினெட்டில் வந்தாள்,
இடக்கையில் கட்டு,
பாறையனோடு ஒரு பேச்சில்லை.
நடுவில் பதினேழு.
அன்றைக்குப் பார்த்து மாங்காய்க் காற்று.
பிஞ்செல்லாம் உதிர்ந்து, கம்பமெல்லாம் சாய்ந்து
சூளகிரிவரை இருட்டு.

நான் அப்போது புதிது.
கடைசி வரிசை, டயருக்கு மேல் சீட்டு,
பேர் கேட்க ஆளில்லை.
"நான் பாத்தேன்" என்றேன்.
"தருமபுரியில சித்தி வீட்ல கரண்ட் இருந்திச்சி."
சித்தி இருப்பது திருப்பத்தூரில்.

மூன்று தலைகள் திரும்பின.
நகர்ந்து இடம் விட்டார்கள்.

கூரை சரிகிறது, என்றேன்.
பாறையனுக்கு ஒரே தோள்.
அந்தப் பக்கம் சாய்த்தால் ஊர் ஜனம் நசுங்கும்,
இந்தப் பக்கம் நிழலியின் கை.
"நிறுத்து" என்கிறாள் அவள்.
அவனுக்குக் கேட்கிறது.
கேட்டும் இந்தப் பக்கமே சாய்க்கிறான்.

ஏன் அப்படி வந்ததென்று தெரியாது.
நாலாம் லைன் பிரஸ் மெஷினில்
புதிதாக ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள்.
அதற்கு முன்னால் நின்றவளின் பேரை
இந்த பஸ்ஸில் யாரும் எடுப்பதில்லை.

எட்டு மாதம் ஓடியது அந்தச் சண்டை.
"ஜனம் நூறு பேரு, கை ஒண்ணு. கணக்கு பாரு"
என்பாள் மாதேஸ்வரி.
"கணக்கு பாக்க அவன் எதுக்குடி?
அத சூப்பர்வைசரே பாப்பான்" என்பாள் தபஸ்ஸும்.
"மத்த நாலு பேரு எங்க போனாங்க?" என்றாள் முனிரத்னா.
அதை நான் யோசிக்கவில்லை.
சூளகிரி வரும்வரை இருமினேன்.

ஒருநாள் "நிறுத்துங்கன்னு சொன்னா" என்று தொடங்கினேன்.
தபஸ்ஸும் திருத்தினாள்:
"இல்ல, நிறுத்துன்னுதான் சொன்னா.
நீங்க, வாங்க எல்லாம் போடல."
ஆமாம் என்றேன்.

பிறகு முதலிலிருந்து மறுபடி போட்டார்கள்.
ஒரு செவ்வாய்க்கிழமை, பதினேழு.
கரண்ட் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.
ஒரு பல்பும் மினுங்கவில்லை.

இடிபாடு கனவாம்.
ஆறு பேரும் திருவிழாவுக்குப் போகிறார்கள்.
நிழலி பணியாரம் சுடுகிறாள்,
கையில் எண்ணெய் தெறிக்கிறது.
பாறையன் அத்தனையும் தின்றுவிடுகிறான்.
அதற்குத்தான் அந்தக் கோபமாம்.

மறுநாள் பையை மடியிலேயே வைத்திருந்தேன்,
கடைசி வரிசைக்கு எழுந்து போகத் தோதாக.
டோல்கேட் போனது. குருபரப்பள்ளி போனது.
மேலுமலையில் பஸ் முக்கியது.

"தப்பா எடுத்திருக்கானுங்க" என்றாள் முனிரத்னா.
"மொதல்ல வந்தது இது இல்ல.
வெட்டிட்டு வேற ஒட்டியிருக்கான்" என்றாள் மாதேஸ்வரி.
தபஸ்ஸும் ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்தாள்.
ஒரு லாரி விளக்கு அவள் முகத்தில் ஏறி இறங்கியது.

இறக்கத்தில்தான் கேட்டாள்,
யாருக்கும் கேட்காத குரலில்:
"அவ கைக்கு யாரு கட்டு போட்டா?
அத நீ இன்னும் சொல்லல."