வெறும் வயிற்றில்

கருங்கல் சந்தைக்கு எதிரே,
பெயிண்டுக் கடையின் மாடியில் எங்கள் லேப்.
ஆறரைக்குத் திறப்பேன்.
ஆட்களை எனக்கு முகத்தால் தெரியாது,
நரம்பால் தெரியும்.

ஞானசிகாமணிக்கு நரம்பு லேசில் சிக்காது.
தட்டித் தட்டித் தேட வேண்டும்.
முப்பத்தொரு வருசம் பஸ் ஓட்டியவர்,
நாகர்கோவில் – திருவனந்தபுரம்,
பூமியைப் பலமுறை சுற்றிய தூரம்,
அத்தனையும் உட்கார்ந்தபடி.
முந்நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதிக் கொடுத்தபோது
"பழைய ரூட் நம்பர் மாதிரி இருக்கு மக்களே" என்றார்.
அந்த மாதம் அவர் பேசிய முதல் வாக்கியமாக
அது இருந்திருக்கலாம்.
பிலோமினாம்மை போன பிறகு
அந்த வீட்டில் டிவிதான் பேசிக்கொண்டிருந்தது.

அடுத்த வீட்டுக்காரர்கள் மஸ்கட்டுக்குப் போனார்கள்.
ஃபிரிட்ஜை விற்றார்கள்,
குரோட்டன்ஸ் தொட்டிகளைப் பங்கு வைத்தார்கள்,
பட்டியை விட்டுவிட்டுப் போனார்கள்.
அது இவர் வாசலில் வந்து படுத்தது.
மூன்றாம் நாள் விடியலில் கதவைப் பிறாண்டியது.
"சவம், உறங்க விடமாட்டேங்குது" என்று எழுந்தவர்
பட்டணங்கால் கரைவரை போய்த் திரும்பினார்.

பெயர் கண்டக்டர்.
எங்கே நிற்க வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும்
எல்லாம் அது சொல்லும்.
ஒவ்வொரு கரண்ட் கம்பமும் ஒரு ஸ்டாப்.
ரப்பர் வெட்டப் போகிறவர்கள், மீன்கார செல்வமேரி,
பத்து வருசமாகத் தலையை மட்டும் ஆட்டியவர்கள்
பட்டிக்கு என்ன வயசு என்று கேட்டார்கள்.
அப்படியே, உமக்கு என்ன வயசு என்றும்.

ஆகஸ்டில் இருநூற்று நாற்பது.
நவம்பரில் நூற்று அறுபத்தெட்டு.
டாக்டர் மாத்திரையைப் பாராட்டினார்.
மாத்திரையும்தான், நான் மறுக்கவில்லை.
ரிப்போர்ட்டில் நாய்க்கென்று ஒரு கட்டம் கிடையாது.
எனக்கு பிரஷர் நூற்று ஐம்பது,
வீட்டில் பூனைகூட இல்லை.

மார்ச்சில் மறுபடி ஏறியது.
எண்ணைப் பார்த்ததும் படிக்கட்டை எட்டிப் பார்த்தேன்.
காலியாகக் கிடந்தது.
"பைக்குக்காரன் ஒருத்தன். பின்னங்கால் ரெண்டும்..."
ரிப்போர்ட்டை வாங்க நீட்டிய கை
வாங்கிய பிறகும் நீட்டியபடியே இருந்தது.

ஜூனில், மழை விடாத ஒரு காலையில்
சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.
கேரியரில் மீன் பெட்டி,
பெட்டிக்குள் சாக்கு,
சாக்கின் மேல், ஒரு காதை மட்டும் தூக்கிக்கொண்டு
கண்டக்டர்.
"ஏறி ஓட்டலாமே?"
"சம்மதிக்காது. நான் ஏறினா குரைக்கும்."
இப்படியாக, எந்த டெப்போவிலும் இல்லாத வழக்கம்:
கண்டக்டர் சீட்டில்,
டிரைவர் தினமும் நாலு கிலோமீட்டர்
நடை.

நரம்பு இந்த முறை சட்டென்று கிடைத்தது.
பஞ்சை அஞ்சு நிமிசம் அழுத்திப் பிடியுங்க
என்று நான் சொல்லி முடிக்கவில்லை,
கீழேயிருந்து இரண்டு தடவை குரைப்பு.
டபுள் பெல்.
மடக்கிய முழங்கையோடு
படி இறங்கிவிட்டார்.