எதிர்மனுதாரர் அரசு அல்ல

சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையின் பின்பாதி எனக்கு.
பக்கத்துக்கு முப்பது ரூபாய்,
பிழைதிருத்தம் இலவசம்.
ஜூன் வந்தும் வேலூர் ஆறவில்லை.
மின்விசிறி தாள்களைத்தான் குளிர்விக்கிறது.

முனிரத்தினம் வக்கீல் சொல்லச் சொல்லத் தட்டுகிறேன்.
மனுதாரர் தே. சுகிர்தா, வயது பதினெட்டு,
பேரணாம்பட்டு, தகப்பனாருக்குத் தோல் ஷாப்பில் வேலை.
எதிர்மனுதாரர்
காட்பாடி தாண்டியுள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகம்.

சென்னைக்குப் போகும்போது இது இங்கிலீஷ் ஆகிவிடும்.
முதலில் தமிழில் வேண்டும் என்றவள் அவள்தான்:
‘கையெழுத்துப் போடுறது எனக்குப் புரியணும் சார்.’

அவளுடைய தரவரிசை நானூற்றுப் பதினொன்று.
எழுநூற்றுத் தொண்ணூறு
அடையாள அட்டையோடு லிஃப்டில் ஏறியதைப்
பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள்.
மூன்றாம் பத்தி அது.

நான்காம் பத்தியில் பதினான்காவது பிரிவு.
எத்தனை முறை தட்டியிருப்பேன்!
பட்டா, பணிமூப்பு, பஸ் பர்மிட்...
கண்ணை மூடினாலும் விரல் போகும்:
சட்டத்தின் முன் சமத்துவத்தை
அரசு எவருக்கும் மறுக்கலாகாது.

‘அரசு’ என்ற இடத்தில் வக்கீல் நிறுத்தினார்.
‘அங்கதாம்மா முடிச்சு.’
பல்கலைக்கழகத்தின் பதில் கையில் இருந்தது,
கல்யாணப் பத்திரிகைபோல் வழவழப்பாய்:
நாங்கள் அரசு அல்ல.
அரசின் பணத்தில் ஒரு ரூபாயும் தொட்டதில்லை.

‘தனியார் கல்லூரியிலும் இடம் ஒதுக்க
அரசு சட்டம் போடலாம், பதினஞ்சுல இருக்கு.
போடலாம்தான், போட்டே ஆகணும்னு இல்ல.
போட்டாலும் நிகர்நிலைக்கு எட்டுமான்னு
இன்னொரு வழக்கு.’

நிகர்நிலை.
பலகையில் ஆளுயர எழுத்தில் நிகர்.
யாருக்கு யார் நிகர் என்பது மட்டும்
எழுதும் வழக்கமில்லை.

‘சார், அவங்க கிரவுண்டு ஏரிப் புறம்போக்கு.
குத்தகை ஆர்டர்ல கவர்னர் பேர் இருக்கு’ என்றாள்.
எங்கே பார்த்தாய் என்று அவர் கேட்டார்.
‘ஆர்.டி.ஐ போட்டேன்.’
வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
‘அது ஒண்ணே பத்தாது.
ஆனாலும் போடும்மா, ஏழாம் பத்தி.’

அச்செடுத்த ஆறு பக்கத்தையும்
நின்றுகொண்டே படித்தாள்.
நான்காம் பக்கத்தில் பென்சிலால் ஒரு வட்டம்.
இரண்டாம் முறை வந்த இடத்தில்
மறுக்கலாம் என்று அடித்திருக்கிறேன்.
பதினெட்டு வருஷத்தில் இல்லாத பிழை.

திருத்திக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன்.
‘மத்தவங்ககிட்ட எவ்வளவு வாங்குவீங்க?’
நூற்றெண்பது.
எண்ணி வைத்தாள்.

பைபாஸில் பஸ் பிடிக்க இருவரும் போன பின்
அடுத்த ஆள் உட்கார்ந்தார்.
மார்க்கெட் கடை வாடகைத் தகராறு.
‘பதினாலாவது பிரிவுப்படி...’ என்று ஆரம்பித்தார்.
கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள் என்றேன்.