தீர்ந்துபோனதாகச் சொல்லப்பட்ட சிலிண்டர்

ஃபஹாஹீல். ஜனவரி. விடியாத நாலரை மணி.
பால்கனியில் ஆறு டிகிரி.
அடுப்பு இரண்டு தரம் நீலமாய் வாய் திறந்து
சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டது.
"தீந்துபோச்சு" என்றாள் அமலோற்பவம்.
பத்தரைக்கு அவளுக்கு விமானம்.
பல் ஆஸ்பத்திரியில் கணக்கு முடித்துக் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள்.

நான் அப்போதுதான் ஆலையிலிருந்து வந்திருந்தேன்.
ஆய்வகத்தில் என் வேலை,
வாயுவை ஊசியால் கருவிக்குள் ஏற்றிவிட்டு
யார் முதலில் வெளியே வருகிறார்கள் என்று பார்ப்பது.
மீத்தேன் வந்துவிடும், ஒற்றைக் கார்பன், சுமையில்லாத ஆள்.
பிறகு ஈத்தேன். பிறகு புரோப்பேன்.
நாலு கார்பன்காரர்கள் பின்னால்தான்,
அதிலும் கிளைவிட்டவன் முந்திக்கொள்வான்.
நேர்ச்சங்கிலி பியூட்டேன் சாவகாசமாய் வந்து
திரையில் ஒரு குன்றாக எழும்.
இருவருக்கும் அதே நாலு கார்பன், அதே பத்து ஹைட்ரஜன்;
கைகோத்த விதம்தான் வேறு.

சிலிண்டர் தீரவில்லை.
இடுப்புக்குக் கீழே அதற்கு வியர்த்திருந்தது.
வியர்வைக் கோட்டுக்குக் கீழே திரவம்.
புரோப்பேன் அவசரக்காரன்,
சுழியத்துக்கு நாற்பத்திரண்டு கீழேயே கொதித்துக் கிளம்புகிறவன்,
முதல் வாரங்களிலேயே பெரும்பாலும் போய்விட்டான்.
மிஞ்சியது பியூட்டேன்.
கிளம்புகிற ஒவ்வொரு ஆவியும்
இருக்கிறவர்களின் சூட்டில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகிறது.
இருக்கிறவர்கள் குளிர்கிறார்கள்.
குளிரக் குளிரக் கிளம்ப முடிவதில்லை.

ஏழு மணிக்குக் குல் ஜமான் வருவான்,
காலி என்று தோளில் ஏற்றிக்கொண்டு போவான்.
மிச்சத்துக்குக் கழிவு கிடையாது.

அவள் பெட்டிகளை நிறுத்த தொங்கு தராசு
கதவுப் பிடியிலேயே ஆடிக்கொண்டிருந்தது.
பெட்டியில் முப்பது கிலோ, கைப்பையில் ஏழு.
பதினோரு வருஷத்திலிருந்து
குக்கரை எடுத்து வெளியே வைத்தாயிற்று,
இரண்டு போர்வை,
மாதா படத்தின் சட்டம் (படத்தை மட்டும் உருவிக்கொண்டாள்).
தராசின் கொக்கியைச் சிலிண்டர் கைப்பிடியில் மாட்டி
இருவருமாகத் தூக்கினோம்.
பத்தொன்பது.
வெற்று எடை பதினாலு புள்ளி ஆறு என்று கழுத்தில் பொறித்திருந்தது.
"நாலு கிலோ நானூறு இருக்கு" என்றேன்.
"இருந்து?" என்றாள்.

பிளாஸ்டிக் தொட்டியில் கைபொறுக்கும் வெந்நீர் பிடித்து
அதில் சிலிண்டரை உட்காரவைத்தோம்.
பாதுகாப்பு வகுப்பில்
நானே கூடாதென்று சொல்லிக்கொடுக்கிற காரியம்.
ஐந்து நிமிஷத்தில் தீ வந்தது,
அமைதியாக, கோபித்துக்கொண்டு போனதே இல்லை என்கிற மாதிரி.

குளிர்ந்த பாத்திரத்தை வைத்ததும் அதன் அடி பனித்தது.
ஒரு சொட்டு விழுந்து தீயில் சீறியது.
"ஓட்டையா?"
"இல்ல. தீயிலேருந்து வர்ற தண்ணி.
ஐம்பத்தெட்டு கிராம் எரிஞ்சா தொண்ணூறு கிராம்."
"போட்டதைவிடக் கூடவா?"
"போற வழியில காத்துலேருந்து எடுத்துக்கும்."
அவள் பெட்டியைப் பார்த்தாள்.
"அதுக்கு மட்டும் யாரும் கூடுதல் காசு கேக்கலையாக்கும்"
என்று சொல்லிச் சர்க்கரை போட்டாள், இரண்டு கரண்டி,
டப்பாவைக் காலி செய்கிறவளின் கையோடு.

நின்றபடியே குடித்தோம்.
வாசலில் டாக்ஸி ஒருமுறை ஒலித்தது.
தொங்கு தராசை என்னிடம் விட்டுப் போனாள்.
அதுவும் எடைதானே.

பத்தரைக்கு
பன்னிரண்டு கார்பன் சுற்றளவில் ஏதோ ஒரு மண்ணெண்ணெய்
அவளைத் தூக்கியிருக்கும்,
தன்னைவிடக் கனமான தண்ணீரை
வானத்தில் வெள்ளைக் கோடாக விட்டபடி.
நான் பார்க்கவில்லை, தூங்கிவிட்டேன்.
மத்தியானம் எழுந்தபோது
தொட்டி நீர் ஜில்லிட்டிருந்தது.
சமையலறை ஜன்னலின் உட்பக்கம்
அடிச்சட்டத்தின் மூலையில் மட்டும்
இன்னும் ஈரம்.