சக்கை வாளி

சனிக்கிழமை பின்னேரம் மூன்றரை.
அறுபத்தேழு பாகையில் ஒரு மணித்தியாலம்
ஊறிய பார்லியை
புது நுளம்புவலைத் துண்டில் வடித்தேன்.
தேன்நிறத் தண்ணீர் சட்டிக்குள் போயிற்று.
அதற்கு இனி வேலை இருக்கிறது,
பதினான்கு நாள் இருட்டு இருக்கிறது,
பியர் என்று ஒரு பெயர் காத்திருக்கிறது.

வலைக்குள் மிஞ்சியது ஆறு கிலோ சக்கை,
காய்ச்சல்காரப் பிள்ளை மாதிரி
ஆவி விட்டுக்கொண்டு.
செங்கலடிப் புழுக்கத்துக்கு
அது ஓர் இரவு தாங்காது.

சுவிஸில் இருந்து அனுப்பிய பீலிக்ஸ் மச்சான்
சாக்கின் மேல் 'கோழித்தீன்' என்று எழுதியிருந்தான்,
சுங்கக்காரருக்காக.
எப்படிக் காய்ச்சுவதென்று எட்டுப் பக்கம்.
சக்கையை என்ன செய்வதென்று
ஒரு வரி இல்லை.

முதல் தரம் வாழையடியில் புதைத்தேன்.
ஆழம் போதவில்லை.
மூன்றாம் நாள் வேலிக்கு அங்கால
யோகமலர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.
"என்னகா, கோடா மணக்குது?
ஆரும் கசிப்புக் காய்ச்சுறானுகளோ?"
"எலி செத்திருக்கும்" என்றேன்.
ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இருபது வருசம்
ஊராரின் மூத்திரத்தை
ஒரு பொய் இல்லாமல் எழுதிக் கொடுத்தவள்
அன்று ஓர் எலியைக் கொன்றேன், வாயால்.

மறுகா ரொட்டி.
பாதிக்குப் பாதி கோதுமை மா, தேங்காய்ப்பூ,
பச்சைமிளகாய், உப்பு.
மணம் நல்ல மணம்.
உமி மட்டும் பல்லிடுக்கில் குந்திக்கொண்டு
எழும்ப மாட்டேன் என்றது.
யதுர்சன் தட்டைத் தள்ளினான்:
"அம்மா, இது மாடு தின்னுற சாமான்."

அதுவும் சரிதான்.

ஐந்து மணிக்குப் பாலோடு வந்த
ஏறாவூர் லாபிர் காக்கா
வாளிக்குள் கைவிட்டு அள்ளினார், மணந்தார்.
"சாராயச் சாமானோ மிஸ்?"

இல்லை என்பது ஒரு சொல்.
ஏன் இல்லை என்பதற்கு
எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது:
இதிலிருந்து இனிப்பை மட்டும்தான் உருவினேன்,
ஈஸ்ட் இதைத் தொடவே இல்லை,
வெறி பிறப்பது பிறகு, வேறு பாத்திரத்தில்,
என் குசினி மூலையில், போர்வைக்குக் கீழே.
சக்கை குற்றமற்றது என்று காட்ட
நான் கூண்டில் ஏறினேன்.

அவர் பால்கானை மூடினார்.
திறந்து, திரும்ப மூடினார்.
"அப்ப இது நனைஞ்ச தானியம்."
"ஓம்."
"தண்ணி செய்யிற பாவம் தண்ணியோட."
வாளியை மோட்டார் சைக்கிளில் கட்டிவிட்டுக்
கிறுகிப் பார்த்தார்.
"ஒரேயடியாக் குடுக்கப்படா. வயிறு ஊதும்.
கொஞ்சம் கொஞ்சமாத்தான்."
பசுவைத்தான் சொன்னார்
என்று நினைக்கிறேன்.

அப்படி ஐந்து தரம்.
வாளி கழுவித் திரும்பும்.
பாலில் ஆடை தடித்தது.
அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை,
மதுவரிக்காரரின் ஜீப்
வீதியோடு போய் வீதியோடு வந்தது.

காட்டிக்கொடுத்தது அந்தச் சிவலைப் பசு.
நேற்றுச் சனிக்கிழமை
கயிற்றை அறுத்துக்கொண்டு,
கொழும்பு பஸ்சை நடுவீதியில் நிறுத்திவைத்து,
ஒழுங்கைக்குள் திரும்பி,
ஒரு வீடு பிசகாமல்
என் கடப்படியில் நின்று கத்தியது.
ஒருக்கா அல்ல.
ஒழுங்கையின் தலைகள் எல்லாம்
வேலிக்கு மேலே முளைத்தன.

யோகமலர் பசுவைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
"உங்கட கடப்படியில மட்டும் ஏன்கா நிக்குது?
என்ன குடுத்த நீங்க இதுக்கு?"

கையில் இன்னொரு எலி இல்லை.
"கோழித்தீன்" என்றேன்.

குசினிக்குள் போர்வைக்குக் கீழே
குளுக் என்றது.
அவள் காதைச் சாய்த்தாள்.
பசுவும்.

"அப்ப," என்றாள், குரலைத் தணித்து,
"என்ட கோழிக்கும் ஒரு வாளி தாங்களன்."

ஒரு பசு, பதினொரு கோழி, ஒரு சேவல்.
விரல் விட்டு எண்ணிப் பார்க்கிறேன்:
மாதம் இரண்டு தரம் காய்ச்சினால்
இனிக் காணாது.